டைனஸ்டி வாரியர்ஸ்: புதிதாக ஆடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் கோயி டெக்மோ நிறுவனத்தில் உள்ள ஒமேகா ஃபோர்ஸ் என்ற குழு 1997 முதல் செய்துவரும் கேம் வரிசை டைனஸ்டி வாரியர்ஸ். பழங்காலச் சீனாவில் ஹான் பேரரசு உடைந்து மூன்று அரசுகளாகப் பிரிந்த காலம்தான் இதன் களம். 2025 ஜனவரியில் 'ஒரிஜின்ஸ்' வெளியானதும் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத பலர் உள்ளே வந்திருக்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

இது என்ன மாதிரியான கேம்?

ஹேக் அண்ட் ஸ்லாஷ், அதாவது கூட்டத்தை வெட்டிச் சாய்த்துக்கொண்டே முன்னேறும் சண்டை கேம். நீங்கள் ஒரு தளபதி. உங்கள் முன்னால் ஒரு முழுப் போர்க்களம். சாதாரணச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள், ஒரே வீச்சில் இருபது பேர் பறப்பார்கள். ஒரு போர் முடிவதற்குள் வீழ்த்தியவர்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே பெயர் உள்ள தளபதிகள் நிற்பார்கள். உண்மையான சண்டை அவர்களோடுதான். இந்த வகைக்கே 'முசோ' என்று பெயர் வந்துவிட்டது. செல்டா கேம், ஒன் பீஸ் அனிமே, கன்டம் ரோபோ அனிமே என்று வேறு வேறு உலகங்களை வைத்தும் இதே அச்சில் கேம்கள் வந்திருக்கின்றன.

சும்மா பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஜெயித்துவிடலாமாமே?

இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று போர்களோடு நிறுத்தியவர்கள். சிப்பாய்களை வெட்டுவது எளிதுதான், அது எளிதாக இருக்கவேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். கேள்வி அதுவல்ல. நீங்கள் கிழக்கு மூலையில் முந்நூறு பேரைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது மேற்கில் உங்கள் படைத்தலைவரின் முகாம் சரிந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. தலைவர் விழுந்தால் போர் தோல்வி, நீங்கள் எத்தனை பேரை வீழ்த்தியிருந்தாலும் சரி.

அதனால் இந்த கேமின் உயிர் வாள்வீச்சில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. கபடியில் ரெய்டு போனவர் ஒரு கண்ணை நடுக்கோட்டில் வைத்திருப்பது போல, ஒரு கண் எப்போதும் வரைபடத்தில் இருக்கவேண்டும். எந்தத் தளத்தைப் பிடித்தால் எதிரிக்கு ஆள் வருவது நிற்கும், எந்தக் கூட்டாளியை இப்போது காப்பாற்றாவிட்டால் அந்தப் பக்கமே போய்விடும், எந்தச் சண்டையைத் தொடாமல் தாண்டிப் போகலாம் என்று ஒவ்வொரு நிமிடமும் முடிவெடுக்க வேண்டும். படையின் மன உறுதி என்று ஒரு கணக்கு உண்டு. எதிரித் தளபதிகளை வீழ்த்த வீழ்த்த உங்கள் பக்கம் அது ஏறும், ஏறினால் உங்கள் சிப்பாய்கள் தாங்களாகவே முன்னேறத் தொடங்குவார்கள். நீங்கள் இல்லாத மூலையிலும் போர் உங்களுக்குச் சாதகமாகத் திரும்புவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எந்தப் பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒரிஜின்ஸ். தயங்கவேண்டாம். ப்ளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வகைகள், கணினி ஆகியவற்றில் கிடைக்கிறது. முந்தைய கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். கதையை ஆரம்பத்திலிருந்து, நினைவிழந்த ஒரு புதிய நாயகனின் கண் வழியாகச் சொல்கிறது. சண்டையும் இந்த வரிசையிலேயே மிக நன்றாக இருப்பது இதில்தான்.

பழைய கணினியோ நின்டென்டோ ஸ்விட்சோ மட்டும் இருந்தால் எட்டாம் பாகத்தின் முழுத் தொகுப்பை வாங்குங்கள். எண்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள், ஒவ்வொரு அரசுக்கும் தனிக் கதை, 'இப்படி நடந்திருந்தால்' என்று வரலாற்றை மாற்றிப் பார்க்கும் கிளைகள் என்று நிறைய இருக்கிறது.

ஜப்பானில் ஒரு எண், மற்ற நாடுகளில் ஒரு எண் என்கிறார்களே?

ஆமாம். 1997-இல் வந்த முதல் கேம் ஒருவருக்கு ஒருவர் மோதும் சாதாரணச் சண்டை கேம். 2000-இல் ப்ளேஸ்டேஷன் 2-க்கு வந்ததுதான் பெரிய போர்க்களத்தோடு இன்றைய வடிவத்தைத் தொடங்கிவைத்தது. ஜப்பானில் அதைப் புதிய தொடராக எண்ணினார்கள், வெளிநாடுகளில் இரண்டாம் பாகம் என்று விற்றார்கள். அன்றிலிருந்து ஓர் எண் வித்தியாசம். ஜப்பானியக் காணொளியில் ஏழு என்று சொன்னால் நமக்கு அது எட்டு.

கதை நடக்கும் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்.

கி.பி. 184. ஹான் பேரரசு நானூறு ஆண்டுகள் ஆண்ட களைப்பில் இருக்கிறது. அரண்மனையில் ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர்களின் ஆதிக்கம், ஊர்களில் பஞ்சமும் கொள்ளைநோயும். ஜாங் ஜியாவ் என்ற மத குரு நோயாளிகளைக் குணப்படுத்துவதாகச் சொல்லிப் பெரும் கூட்டத்தைச் சேர்க்கிறார். அவருடைய ஆட்கள் தலையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கிளர்ந்து எழுகிறார்கள். கிளர்ச்சியை அடக்குகிறார்கள், ஆனால் அடக்கப் போன தளபதிகள் கையில் படைகள் தங்கிவிடுகின்றன. வினை அங்கே தொடங்குகிறது.

189-இல் டோங் ஜுவோ தலைநகரைக் கைப்பற்றிச் சிறுவனான பேரரசரைத் தன் பிடியில் வைத்துக்கொள்கிறான். அவனை எதிர்த்து மறு ஆண்டு ஒரு கூட்டணி சேர்கிறது, சீக்கிரமே தங்களுக்குள் அடித்துக்கொண்டு கலைகிறது. பிறகு மூன்று பேர் மேலே வருகிறார்கள். வடக்கே சாவோ சாவோ. தென்கிழக்கே சுன் குடும்பம். நிலம் எதுவும் இல்லாமல் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த லியூ பெய் மூன்றாவது ஆள். 200-இல் குவாண்டு போரில் சாவோ சாவோ தன்னைவிடப் பெரிய படை வைத்திருந்த யுவான் ஷாவைத் தோற்கடிக்கிறார். 208-இல் அதே சாவோ சாவோ பெரும் படையோடு தெற்கே இறங்கி, யாங்சி ஆற்றங்கரையில் செம்பாறைப் போரில் தோற்கிறார். அந்தத் தோல்விதான் சீனா மூன்றாகப் பிரிந்ததற்குக் காரணம். 220-இல் ஹான் முறைப்படி முடிகிறது. சாவோ சாவோ குடும்பத்தின் வெய், லியூ பெய்யின் ஷு, சுன் குடும்பத்தின் வு என்று மூன்று அரசுகள். 280-இல் ஜின் அரசு அனைத்தையும் ஒன்றாக்குகிறது.

ஆக, மொத்தம் ஏறத்தாழ நூறு ஆண்டு. இடையில் எத்தனை பேர் மாண்டிருப்பார்கள் என்பதற்கு ஒரு குறிப்பு: 157-ஆம் ஆண்டு ஹான் கணக்கெடுப்பில் சுமார் ஐந்தரைக் கோடிப் பேர் பதிவாகியிருந்தார்கள். 280-இல் ஜின் அரசின் பதிவில் இருந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. இதில் பெரும்பகுதி பதிவேடு சிதைந்ததாலும் மக்கள் இடம்பெயர்ந்ததாலும் வந்த குறைவு. அப்படியே இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் மனம் கனக்கத்தான் செய்கிறது.

கேமில் வருவதெல்லாம் உண்மையில் நடந்ததா?

மூன்று அடுக்காகப் பாருங்கள். அடியில் இருப்பது வரலாறு. சென் ஷோ என்ற அறிஞர் மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிய 'மூன்று அரசுகளின் பதிவுகள்'. அதன் மேல் 'மூன்று அரசுகளின் கதை' என்ற பெரும் நாவல், லுவோ குவான்ஜோங் எழுதியதாகச் சொல்லப்படுவது, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மூன்றாவது அடுக்கு கேம். நாவல் வரலாற்றின் மேல் ஏறி நிற்கிறது, கேம் நாவலின் மேல் ஏறி நிற்கிறது.

சில உதாரணங்கள். லியூ பெய், குவான் யூ, ஜாங் ஃபெய் மூவரும் பீச் தோட்டத்தில் சகோதரர்களாகச் சபதம் எடுக்கும் காட்சி வரலாற்றில் இல்லை, நாவல் பரப்பியது. மூவரும் ஒரே படுக்கையில் தூங்கும் அளவுக்கு நெருக்கம், பாசத்தில் சகோதரர்கள் போல என்று மட்டும்தான் பதிவுகள் சொல்கின்றன. ஹுவா சியோங் என்ற டோங் ஜுவோவின் தளபதியை குவான் யூ வெட்டியதாக நாவல். வரலாற்றில் அது சுன் குடும்பத்துச் சுன் ஜியான் படையின் வேலை. அழகி டியாவ்சான் கற்பனை. ஆனால் லூ பு என்ற தளபதி தன் வளர்ப்புத் தந்தையைப் போல இருந்த டோங் ஜுவோவின் பணிப்பெண் ஒருத்தியோடு ரகசிய உறவு வைத்திருந்தார், மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தார் என்பது பதிவில் இருக்கிறது. அந்த ஒரு வரியிலிருந்து கதைசொல்லிகள் ஒரு முழுப் பெண்ணைப் படைத்துவிட்டார்கள்.

நம்ப முடியாதவை சில உண்மையாகவும் இருக்கின்றன. 215-இல் சாவோ சாவோவின் ஹஃபெய் கோட்டையைச் சுன் குடும்பத் தலைவர் சுன் ச்சுவான் ஒரு லட்சம் பேரோடு முற்றுகையிட்டதாகப் பதிவு. உள்ளே இருந்த தளபதி ஜாங் லியாவ் எண்ணூறு பேரைத் தேர்ந்தெடுத்து, இரவு மாடு அறுத்து விருந்து வைத்து, விடிந்ததும் எதிரிப் படைக்குள் நேராகப் பாய்ந்து சுன் ச்சுவான் நின்ற இடம் வரை போய்விட்டார். வெளியே வந்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்ட தன் ஆட்கள் கூப்பிடும் குரல் கேட்டு, திரும்பவும் உள்ளே போய் அவர்களையும் மீட்டுக்கொண்டு வந்தார். டைனஸ்டி வாரியர்ஸில் ஒரு தளபதி தனியாகப் படையைப் பிளந்துகொண்டு போவது மிகை என்று சொல்பவர்களுக்கு நான் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

லூ பு வந்ததும் ஏன் எல்லோரும் ஓடு என்கிறார்கள்?

ஓடவேண்டியதுதான். பழைய பாகங்களில், டோங் ஜுவோவைக் கூட்டணி எதிர்க்கும் ஹுலாவ் வாசல் என்ற கணவாய்ப் போரில் அவர் தோன்றியதும் இசை மாறும், துரத்தாதே என்று எச்சரிக்கை வரும். கேட்காமல் போனவர்கள் இரண்டு அடியில் கீழே கிடப்பார்கள். இந்த வரிசையின் ரசிகர்களுக்கு மறக்கவே முடியாத பாத்திரம் அவர்.

வரலாற்றிலும் அவர் பேர்பெற்ற குதிரை வீரர். 'மனிதரில் லூ பு, குதிரையில் செம்முயல்' என்று அந்தக் காலத்திலேயே சொல்வார்கள். செம்முயல் அவருடைய குதிரை. ஒரு முறை லியூ பெய்க்கும் இன்னொரு தளபதிக்கும் சண்டை மூள இருந்தபோது, முகாம் வாசலில் ஒரு ஈட்டிக்கோடரியை நட்டுவைத்து, அதன் சிறு கிளையை என் அம்பு தொட்டால் இருவரும் கலைந்துபோக வேண்டும் என்றார். தொட்டது. கலைந்தார்கள். இத்தனை திறமை இருந்தும் இரண்டு எஜமானர்களைக் கொன்றவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சியாபி என்ற ஊரில் சாவோ சாவோவிடம் பிடிபட்டபோது கட்டு இறுக்கமாக இருக்கிறது, தளர்த்துங்கள் என்று கேட்டார். புலியைக் கட்டினால் இறுக்கித்தான் கட்டவேண்டும் என்றார் சாவோ சாவோ. உயிரோடு விட்டுத் தன் படையில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவர் யோசித்தபோது, முந்தைய இரண்டு எஜமானர்களின் கதி என்ன என்று பக்கத்தில் இருந்த லியூ பெய் நினைவுபடுத்தினார். அதோடு முடிந்தது.

ஒரிஜின்ஸில் ஹுலாவ் வாசலைத் தாண்ட முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், அந்தப் போருக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். வரைபடத்தில் சுற்றியுள்ள சிறு மோதல்களை எல்லாம் முடியுங்கள். இதில் நாயகனின் தரம் ஆயுதப் பயிற்சியின் கூட்டுக் கணக்கில்தான் உயர்கிறது. ஒரே வாளைப் பிடித்துக்கொண்டிருக்காமல் ஈட்டி, தடி, சக்கரம் என்று மாற்றி மாற்றி ஆடினால் தரம் வேகமாக ஏறும்.

அப்புறம், லூ புவின் அடியைத் தாங்கிக்கொண்டு நிற்காதீர்கள். அடி விழும் அந்தக் கணத்தில் தடுப்புப் பட்டனை அழுத்தினால் அவருடைய வீச்சு திருப்பி விடப்படும், போர்க்கலைகள் எனப்படும் சிறப்புத் தாக்குதல்களுக்குச் செலவாகும் துணிவு அளவி உங்களுக்கு ஏறும். உடல் சிவப்பாக ஒளிர்ந்தால் அந்த அடியைத் தடுக்கவே முடியாது, விலகத்தான் வேண்டும். துணிவு அளவி நிரம்பியிருக்கிறதே என்று போர்க்கலைகளைச் சிப்பாய்கள் மேல் கொட்டிவிடாதீர்கள், அவருக்கென்று சேர்த்து வையுங்கள். அவருடைய உறுதி அளவி, அதாவது எவ்வளவு அடியைத் தாங்கி நிற்பார் என்று காட்டும் கோடு, உடையும் வரை பொறுமை. உடைந்ததும் பாய்ந்து அடியுங்கள்.

இறைச்சிப் பன்களையும் மறக்காதீர்கள். இந்த வரிசையில் நெடுங்காலமாக உடல்நலத்தை ஏற்றும் பண்டம் அதுதான், ஒரிஜின்ஸில் எண்ணி வைத்துத்தான் சாப்பிட வேண்டும். லூ புவிடம் போவதற்கு முன் ஒன்றையும் தொடாமல் வைத்திருக்கப் பாருங்கள். தோற்றுப்போனால் போரின் நடுவில் ஏதாவது ஒரு கட்டத்துக்குத் திரும்பிப் போகும் வசதி உண்டு. கடினத்தைக் குறைத்துக்கொள்வதிலும் தப்பில்லை. கதைக்காக விளையாட எளிய நிலை ஒன்றைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள்.

எந்த ஆயுதம் நல்லது?

தொடக்கத்தில் வாள். எல்லாச் சூழலுக்கும் ஒத்துவரும். கூட்டத்தைக் கலைக்கச் சக்கரங்கள் பிரமாதம், தூரத்திலிருந்தே அடிக்கலாம். எனக்குப் பிடித்தது பிறைக் கத்தி. மெதுவானது, ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கனம் இருக்கும். குவான் யூவின் கையில் எப்போதும் இருப்பதும் அந்த வகைதான். நிஜக் குவான் யூ காலத்தில் அப்படிப்பட்ட ஆயுதம் இருந்ததற்குச் சான்று இல்லை, பல நூற்றாண்டு கழித்து வந்தது.

குவான் யூ கேமிலும் ஒரு சாமி மாதிரிதான் இருக்கிறார். ஏன்?

அவர் நிஜமாகவே தெய்வமாக வணங்கப்படுபவர் என்பதால். விசுவாசத்துக்கும் நேர்மைக்கும் உருவம் கொடுத்ததாக நினைத்துச் சீனர்கள் வாழும் இடமெல்லாம் அவருக்குக் கோவில் கட்டியிருக்கிறார்கள். கோலாலம்பூர் தமிழர்கள் அவரை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். துன் எச்.எஸ். லீ சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோவிலிலிருந்து சில அடி தூரத்தில், அதே சாலையில் இருப்பது குவான் தி கோவில். உள்ளே இருக்கும் தெய்வம் இந்தக் குவான் யூதான்.

கதையில் எந்தப் பக்கம் சேரலாம்?

ஒரிஜின்ஸில் கதையின் நடுவே சாவோ சாவோ, லியூ பெய், சுன் குடும்பம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முறை முடித்த பிறகு திரும்பிப் போய் மற்ற இரண்டையும் ஆடலாம், வரலாற்றில் சாகும் சிலரைக் காப்பாற்றவும் வழிகள் திறக்கும். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

முதல் தடவைக்கு லியூ பெய்யைச் சொல்வேன், சாங்பான் போருக்காக. 208-இல் சாவோ சாவோ தெற்கே வருகிறார் என்று தெரிந்ததும் லியூ பெய் பின்வாங்குகிறார். அவரை நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மூட்டை முடிச்சோடு கூடவே கிளம்பிவிடுகிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து லீ, அதாவது நான்கு கிலோமீட்டர் சொச்சம்தான் நகர முடிகிறது. இவர்களை விட்டுவிட்டுப் போய்விடுங்கள் என்று உடனிருப்பவர்கள் கெஞ்சுகிறார்கள், அவர் மறுக்கிறார். பின்னால் சாவோ சாவோவின் ஐயாயிரம் குதிரைப்படை ஒரே பகல் இரவில் முந்நூறு லீ ஓடி வந்து பிடித்துவிடுகிறது. அந்தக் குழப்பத்தில் ஜாவ் யுன் என்ற தளபதி லியூ பெய்யின் கைக்குழந்தையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியேறுகிறார். ஜாங் ஃபெய் இருபது குதிரை வீரர்களோடு ஆற்றுப் பாலத்தை உடைத்துவிட்டு, நான்தான் ஜாங் ஃபெய், வா, சாகும் வரை மோதலாம் என்று கத்துகிறார். யாரும் நெருங்கவில்லை. இது எல்லாமே சென் ஷோவின் பதிவில் இருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் போரை ஆடிப் பாருங்கள், அங்கே ஆட்களை வெட்டுவதைவிட நேரம் வாங்குவதுதான் வேலை என்பது புரியும்.

சாவோ சாவோ பக்கத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். நாவல் அவரை வில்லனாக்கியது. கேம் அவருக்கு நியாயம் செய்திருக்கிறது. நல்ல நிர்வாகி, நல்ல கவிஞர், கொடூரமும் உண்டு. மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதை மறைக்காமல் காட்டுகிறார்கள்.

நண்பரோடு சேர்ந்து ஆடலாமா?

ஒரிஜின்ஸில் முடியாது, தனியாள் மட்டும். இருவராக ஆட எட்டாம் பாகம்தான் நல்லது, திரையைப் பிரித்து ஒரே வீட்டில் உட்கார்ந்து ஆடலாம்.

ஒன்பதாம் பாகத்தை ஏன் திட்டுகிறார்கள்?

2018-இல் வந்த அதில் சீனா முழுவதையும் ஒரே திறந்த உலகமாக்கினார்கள். ஆசை பெரியது. ஆனால் போர்க்களம் என்ற எல்லை போனதும் இந்த கேமின் நெருக்கடியும் கூடவே போய்விட்டது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குதிரையில் நெடுநேரம் போகும்போது எந்தப் போரும் உங்களை நம்பிக் காத்திருப்பதில்லை. அடித்து ஆடும் முறையும் பாத்திரங்களுக்குள் வித்தியாசம் குறைந்து சப்பென்று போனது. ஒரிஜின்ஸ் மறுபடி தனித்தனிப் போர்க்களங்களுக்குத் திரும்பியதன் அருமை, ஒன்பதை ஆடியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிள்ளைகள் ஆடலாமா?

உறுப்புகள் அறுபடாது, விழுந்த சிப்பாய்கள் மறைந்துவிடுவார்கள். ஆனாலும் முழுக்க முழுக்கப் போர்தான். பதின்வயதினருக்குச் சரி. சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர்கள் கூட உட்காருங்கள்.

தமிழில் இருக்கிறதா?

இல்லை. ஆங்கில எழுத்தும் ஆங்கிலம், ஜப்பானியக் குரல்களும் உண்டு. பேச்சு அதிகம் என்பதால் ஆங்கிலத்தை ஓரளவு வேகமாகப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. பெயர்கள்தான் முதலில் தலையைச் சுற்றவைக்கும். கேமுக்குள்ளேயே யார் யார் என்று விளக்கும் குறிப்பேடு இருக்கிறது, ஒவ்வொரு போருக்கும் முன் அதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போனால் நாலைந்து போர்களில் பழகிவிடும்.

ஒரிஜின்ஸ் செம்பாறைப் போரோடு நின்றுவிடுகிறதே, மீதிக் கதை?

ஆமாம், 208-இல் நிறுத்திவிட்டார்கள். குவான் யூவின் வீழ்ச்சி, அதற்குப் பழிவாங்கக் கிளம்பிய லியூ பெய்யின் படை யிலிங்கில் தீக்கிரையானது, அவர் மறைந்த பின் ஷு அரசைத் தாங்கிப் பிடித்த அமைச்சர் ஜூகே லியாங் வடக்கே படையெடுத்து 234-இல் வூஜாங் சமவெளி முகாமிலேயே நோயால் இறந்தது, அவரை எதிர்த்து வெளியே வராமலே காத்திருந்து ஜெயித்த வெய் தளபதி சிமா யீ, அவருடைய குடும்பம் பின்னாளில் ஜின் அரசை நிறுவியது என்று இன்னும் எழுபது ஆண்டுக் கதை பாக்கி இருக்கிறது. இதற்கு 2011-இல் வந்த ஏழாம் பாகத்துக்குப் போங்கள். ஜின் அரசின் கதையையும் தனியாகச் சொன்ன முதல் பாகம் அது. கணினியில் அதன் முழுத் தொகுப்பு கிடைக்கிறது. ஒரிஜின்ஸை முடித்த கையோடு அதில் ஷு பக்கத்தை எடுங்கள், ஜின்னைக் கடைசிக்கு வையுங்கள். அந்த வரிசையில் ஆடினால்தான் சிமா யீ மேல் உங்களுக்கு முதலில் கோபம் வரும், பிறகு மரியாதையும் வரும்.